மேற்குப் பக்கத்துப் பொட்டு

பத்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும், செடிப் பைகளில் விதை போட்ட தேதியும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற நான் கட்டுரை எழுத உட்கார்ந்திருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழைகள் இருக்கும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

நானாக எழுத வரவில்லை. போன வருஷம் வேலையிலிருந்து நின்ற பிறகும், எங்கள் நாற்றங்காலில் வேலை செய்கிற பெண்கள் வழியில் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஏனுங்க்கா, இங்க செடியோட கெழக்குப் பக்கத்துல சுண்ணாம்புப் பொட்டு வெக்கச் சொல்றாங்க. கீழ டவுனுக்குக் கொண்டுபோய் அந்தப் பொட்டை மேக்க பாக்கத் திருப்பி நடறாங்க. இதென்ன கூத்துங்க?" நான் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். என்னோடு பல வருஷம் வேலை செய்த ஈஸ்வரிதான் கடைசியில் சொன்னாள்: "அக்கா வாயால சொல்லாது. ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் குடுத்துப் பாருங்க." வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் நாற்றங்கால் கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊரில் இருக்கிறது. மலைக்குக் கீழே உள்ள ஒரு நகரத்தின் தெருக்களுக்கு மரக்கன்று வளர்த்துக் கொடுப்பது அதன் வேலை. நகரத்தின் பெயர் வேண்டாம். என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் சிரிப்பார். "சுத்தி எங்க பாத்தாலும் மரம். இதுக்குள்ள உக்காந்து மரம் வளத்தறதுக்கு ஒரு சம்பளமா?" என்பார். அவர் சிரித்ததில் தப்பில்லை. மலையில் பிறந்த எங்களுக்கு நிழல் என்பது கேட்டு வாங்குகிற பொருளே அல்ல. அது பாட்டுக்கு இருக்கும்.

முதல் ஆறு வருஷம் நான் மலை அடிவாரத்தில், காரவள்ளிப் பக்கம் இருந்த பழைய நாற்றங்காலில் வேலை பார்த்தேன். விடிகாலை பஸ்ஸில் இறங்கி, சாயங்கால பஸ்ஸில் ஏறுவேன். புங்கன் விதையை ஊறவைப்பது, பையில் மண்ணும் எருவும் கலந்து நிரப்புவது, பைக்குள் சுருண்ட வேரை வெட்டி நேராக்குவது எல்லாம் அங்கே கற்றதுதான். தெருவுக்குப் போகிற கன்று சின்னதாக இருந்தால் ஆடும் வண்டியும் ஒரே வாரத்தில் முடித்துவிடும் என்பதால், என் உயரத்துக்கு மேல் வளரும் வரை பெரிய பைகளில் வைத்திருப்போம். ஆள் உயரம் வந்ததும் அடிமரத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. அங்கிருந்த மேஸ்திரி எனக்குச் சொன்னது ஒரே ஒரு வரி: "மேக்கால பொட்டு வெய்யி, நடும்போது அந்தப் பொட்டு மேக்க பாக்கோணும்." மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற மேற்கு வெயில்தான் கடுமை. நாற்றங்காலில் அந்த வெயிலைத் தாங்கிப் பழகிய பட்டை, தெருவிலும் அதே வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். பக்கம் மாறினால் இளம்பட்டை வெந்துவிடும். காரணத்தை நானாகப் பிறகு புரிந்துகொண்டேன். மேஸ்திரி சொன்னது அந்த ஒரு வரிதான். நான் பிடித்துக்கொண்டதும் அந்த ஒரு வரியைத்தான்.

பிறகு அடிவாரத்தில் போர்க் கிணறு வற்றியது. தண்ணீருக்காக நாற்றங்காலை மேலே, எங்கள் ஊருக்கே மாற்றினார்கள். எனக்குப் பஸ் மிச்சம். அதே சமயத்தில்தான் தேன்மொழி மேடம் நகரத்தின் மரப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். விவசாயப் படிப்பு படித்தவர். ஒல்லியாக, கறுப்பாக, எப்போதும் பருத்திப் புடவையில் இருப்பார். கையில் ஒரு சின்ன நோட்டு.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த மேலதிகாரிகள் எல்லோரும் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வருவார். "செடி வெக்கற எடத்தைப் பாக்க வந்தா வெயில் இருக்கறப்ப வரணுங்க. காலைல வந்தா எல்லாத் தெருவும் நல்லாத்தான் இருக்கும்" என்பார். எங்களையும் மாதம் ஒரு முறை மலையிலிருந்து இறக்கித் தெருவுக்கு அழைத்துப் போவார். நாம் வளர்ப்பது எங்கே போய் நிற்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதுவரை எந்த அதிகாரியும் எங்களை அப்படி அழைத்ததில்லை.

தெருவில் அவர் செய்கிற முதல் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டுத் தார் ரோட்டில் நிற்பது. நின்று மெதுவாக எண்ணுவார். கால் தாங்க முடியாமல் நகர்கிற எண்ணை நோட்டில் எழுதுவார். இடம், மணி, எண்ணிக்கை. நிழல் இல்லாத இடத்தில் ஏழு, எட்டு. தெருமுனை வேப்பமரத்தடியில் நூறு வரை எண்ணிவிட்டு, "இதுக்கு மேல எண்ணுனா ஆளுங்க வேற மாதிரி நெனச்சுக்குவாங்க" என்று நிறுத்துவார். அதன் பிறகு சுவர். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பது போல. அலுவலகத்தில் சூடு அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அதையும் கொண்டுவருவார், அளவும் எழுதுவார். ஆனால் கருவியைத் தெருக்காரர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள் என்றும், காலைப் பார்த்தால்தான் நம்புவார்கள் என்றும் சொல்வார்.

திட்டியோ பாராட்டியோ நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும், "அப்புறம்?" என்று கேட்பார். அந்த அப்புறத்தில் நமக்கே நம் வேலை தெளிவாகிவிடும். வாயே திறக்காத என்னிடமிருந்துகூட அந்த ஒரு சொல்லை வைத்து நாலு வரி வாங்கிவிடுவார்.

இனி அந்தத் தெருவுக்கு வருகிறேன். தெற்கு வடக்காகப் போகும் குறுகலான தெரு. வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். பாதிக்குச் சிமெண்ட் ஷீட் கூரை. ஒரு மரம் கிடையாது, ஒரு செடி கிடையாது. மேற்கு வரிசையில் மின்கம்பி போகிறது. கிழக்கு வரிசை வீடுகளின் முன்சுவரில் மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும் வரை வெயில் நேராக அடிக்கும். அதனால் கிழக்கு வரிசையில் மட்டும் இருபத்து நாலு புங்கன் வைப்பது என்று மேடம் தீர்மானித்தார். புங்கன் சீக்கிரம் குடை விரிக்கும், சித்திரையிலேயே புது இலை விட்டு நிற்கும். குழிக்கு வீட்டு முன்னால் போட்டிருக்கும் சிமெண்டை உடைக்க வேண்டும். அங்கேதான் சண்டை வந்தது.

அந்த வரிசையில் நடுவீடு ராஜாமணி என்கிற பெண்ணுடையது. வாசலில் இட்லிக்கடை வைத்திருந்தார். அடுப்பு இருந்த இடத்திலேயே குழிக்குச் சுண்ணாம்புக் கோடு விழுந்தது.

"ஏனுங்க, தெரு இத்தனை நீளம் இருக்குது. என்ற அடுப்பு மேலதான் உங்களுக்கு மரம் மொளைக்கணுமா?" என்றார் ராஜாமணி.

"உங்க செவுத்துலதாங்க வெயில் ரொம்ப நேரம் நிக்குது" என்றார் மேடம்.

"அது நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து நிக்குது. இன்னிக்குத்தான் ஆபீஸுக்குத் தெரிஞ்சுதா?"

"இன்னிக்குத்தாங்க தெரிஞ்சுது. அப்புறம்?"

ராஜாமணிக்கு அந்த அப்புறம் புதிது. கொஞ்சம் நிதானித்தார். "அப்புறம் என்னங்க. உள்ள வந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்" என்று வீட்டுக்குள் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன்.

முன்னறையில் அவர் வீட்டுக்காரர் ஈரத்துண்டைப் போர்த்தியபடி படுத்திருந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். போன சித்திரையில் பட்டறையிலேயே வெயிலில் சுருண்டு விழுந்தாராம். உயிர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு உடம்பு சூட்டைத் தாங்கவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் இருப்பது அந்த ஒரு அறையும், பின்னால் சமையலுக்கு ஒரு தடுப்பும்தான்.

மேடம் உள்சுவரில் புறங்கையை வைத்தார். எடுக்கவில்லை. "எந்நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குதுங்க?" என்று அவரைக் கேட்டார்.

"நாலு மணிங்க. வெளிய வெயில் தணியும், உள்ள செவுரு அப்பத்தான் அடுப்பாவும்" என்றார் அவர். பேசவே மூச்சு வாங்கியது.

வெளியே வந்த மேடம், வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்தார். ஆறு வந்தது. ராஜாமணிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, கால் கொப்பளிச்சுப் போயிரும். மேல ஏறுங்க சாமி. ஏறுங்கன்னா" என்று கையைப் பிடித்து வாசற்படிக்கு இழுத்தார். பிறகு திரும்பி அடுப்பைப் பார்த்தார்.

"ரெண்டடி தள்ளிக்கறேன். ஆனா ஒண்ணு. உங்க செடி செத்துதுன்னா அந்தக் குழியிலயே மறுபடி அடுப்பைப் போட்டுருவேன்."

"போட்டுக்கங்க" என்றார் மேடம்.

நடுவீடு ஒத்துக்கொண்ட பிறகு மற்ற வீடுகளில் பேச்சு சுலபமாக முடிந்தது. இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. அந்தத் தெருவுக்குச் சுவரிலிருந்து சுவர் வரை கான்கிரீட் போட முன்பே திட்டம் இருந்தது. அதற்குப் பொறுப்பான எஞ்சினியர் கெட்ட மனிதர் அல்ல. தெருவில் தண்ணீர் தேங்கினால் முதல் திட்டு அவருக்குத்தான் விழும். குழிகளுக்கு இடம் விடச் சம்மதித்தார், ஆனால் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த சித்திரையில் வந்து பார்ப்பார். தெருக்காரர்கள் கவனிக்காமல் விட்டோ கெடுத்தோ கன்றுகள் போயிருந்தால், குழிகளை மூடிக் கான்கிரீட் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்தத் தெருவில் மரம் என்ற பேச்சே கிடையாது. மேடம் கையெழுத்துப் போட்டார்.

கன்றுகளை நாங்கள் மேலே தயார் செய்தோம். மேலே வளர்ந்து தெருவுக்குப் போன முதல் கன்றுகள் இவைதான். குளிர்ச்சியில் வளர்ந்த கன்றை ஒரே நாளில் வெயிலில் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்பதால், அடிவாரத்துப் பழைய இடத்தில் பத்து நாள் இறக்கி வைத்து, தண்ணீரைக் குறைத்துப் பழக்கினோம். இது மேடம் வந்து ஏற்படுத்திய முறை. ஐப்பசி மழையில் நட்டோம். ஒவ்வொரு கன்றிலும் நான் வைத்த பொட்டை மேற்கே திருப்பி, மூங்கில் கொம்பு நட்டுத் தளர்வாகக் கட்டி, அடியில் காய்ந்த சருகைப் பரப்பினோம். வீட்டுக்கு ஒரு கன்று. தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் அந்தந்த வீட்டார் பொறுப்பு. ராஜாமணி ஒரு குடத்துக்கு இரண்டாக ஊற்றுவதாகக் கேள்விப்பட்டேன்.

தை வரை கன்றுகள் நன்றாக இருந்தன. மாசியில் தளிர்கூட விட்டன. பங்குனிக் கடைசியில் மேடம் போன் செய்தார். "பட்டை வெடிக்குதுங்க. இலையும் கொட்டுது. நாளன்னிக்கு எஞ்சினியர் வராரு. நீங்களும் வந்து பாருங்க" என்றார்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். மேடம், எஞ்சினியர், தெருக்காரர்கள் இருபது முப்பது பேர். நான் எல்லோருக்கும் பின்னால், வேலியோரத்தில் நிற்பது போல ஒதுங்கி நின்றேன். இருபத்து நாலு கன்றும் பார்க்கவே பாவமாக இருந்தன. பாதிக்கு இலையே இல்லை. அடிமரத்தில் முழங்காலுக்குக் கீழும் மேலுமாகப் பட்டை பழுப்பேறி, நீளமாக வெடித்து, சில இடங்களில் தோல் உரிந்தது போலத் தொங்கியது.

எஞ்சினியர் குனிந்து பார்த்தார். "இது வெந்த பட்டைங்க மேடம். எல்லாச் செடியிலயும் தெருப் பக்கம் மட்டும் வெந்திருக்குது. வறட்சின்னா சுத்தியும் காயணும். யாரோ கொதிதண்ணி ஊத்தியிருக்காங்க" என்றார். சொல்லிவிட்டு இட்லிக்கடை அடுப்பைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்தம்மாதான மொதல்ல வேண்டாம்னு சண்டை போட்டது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

ராஜாமணி கரண்டியைக் கீழே வைத்தார். "நான் ஊத்துறதுன்னா ஊத்துறேன்னு சொல்லிட்டுத்தாங்க ஊத்துவேன். எனக்கென்ன பயமா? ரெண்டு குடம் தண்ணி தூக்கித் தூக்கி என்ற தோள்பட்டை போச்சு. கொதிதண்ணி ஊத்துறவ அதை எதுக்குங்க தூக்கறா?"

"யார் ஊத்துனாங்கங்கறது எனக்கு வேண்டாம்மா. தெருக்காரங்க கெடுத்தா குழியை மூடலாம்னு எழுதியிருக்குது. அவ்வளவுதான்" என்றார் எஞ்சினியர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் உறுதியாக இருந்தது.

திறந்திருந்த கதவு வழியாக ராஜாமணியின் வீட்டுக்காரர் தெரிந்தார். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, வெளியே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துண்டு தோளில் இருந்தது.

எனக்கு நேர் முகத்தில் வெயில் அடித்தது. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த கன்றைப் பார்த்தேன். வெடிப்பின் நடுவில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் வைத்த பொட்டு. அடுத்த கன்றைப் பார்த்தேன். அதிலும் வெடிப்பு பொட்டில்தான் ஆரம்பித்திருந்தது. இந்நேரம் மேலே ஈஸ்வரி தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பாள், மலைநிழல் இறங்கியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போதுதான் தப்பு எங்கே என்று எனக்குப் புரிந்தது.

விளக்கிச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மேற்கே உயரமான மலைச்சரிவு. சரிவின் நிழல் ஊர்மேல் இறங்கிவிட்டால் எங்களுக்குச் சாயங்காலம். கடிகாரத்தில் இரண்டரை மணியாக இருந்தாலும் சாயங்காலம்தான். நிழல் இறங்கின பிறகுதான் டீ, அதன் பிறகுதான் தண்ணீர் பாய்ச்சுவது. நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் நாளைப் பார்த்து வருகிறேன். கீழே அடிவாரத்தில் கற்ற "மேக்கால பொட்டு" என்ற வரியை மேலே கொண்டுவந்து, மேற்கு வெயிலே படாத செடியின் மேற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தச் செடிகள் வெயிலைப் பார்த்ததெல்லாம் கிழக்கில்தான். இருப்பதிலேயே இளசான பட்டையை நான்தான் அடையாளம் போட்டு, இருப்பதிலேயே கடுமையான வெயிலுக்குக் காட்டியிருக்கிறேன்.

அப்போது நான் தினக்கூலி. இந்தத் தப்புக்கு நாளைக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லலாம். அதைவிட, அத்தனை பேர் நடுவில் பேச வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வெட்கத்தை விட்டு உண்மையை எழுதுகிறேன்: பேசாமல் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மேடம் முன்பு கையெழுத்துப் போட்ட காகிதத்தை எஞ்சினியர் அவரிடம் நீட்டினார். மேடம் வாங்கிக்கொண்டார்.

"மேடம், அது கொதிதண்ணி இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"யாரும்மா நீங்க?" என்றார் எஞ்சினியர்.

"மேல நர்சரிங்க" என்றேன். அதோடு நின்றுவிட்டது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருந்தன.

"சொல்லு கண்ணு. நிறுத்தாத" என்றார் ராஜாமணி.

"பொட்டு தப்புங்க மேடம். எங்க ஊர்ல மேக்கால மலை நிழலுங்க. நான்தான் தப்பா வெச்சுட்டேன்."

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். மற்றவர்களை மறந்துவிட்டு என்னிடம் மட்டும் பேசுவது போல மெதுவாகக் கேட்டார். "அங்க நிழல் எத்தனை மணிக்கு எறங்குதுங்க?"

"ரெண்டு ரெண்டரைக்குங்க."

"அப்புறம்?"

"அப்புறம் வெயிலே இல்லீங்க. எங்களுக்குப் பொழுது போயிருமுங்க. மேக்குப் பக்கத்துப் பட்டை வெயிலே பாத்ததில்லை."

"பத்து நாள் காரவள்ளியில இருந்துதுங்களே?"

"பையை நெருக்கி அடுக்கியிருந்தோமுங்க. எலைதான் வெயில் பாத்துது. அடிமரம் பாக்கல."

மேடம் முதல் கன்றிடம் போய் உட்கார்ந்து, பின்பக்கம், அதாவது கிழக்குப் பட்டையில் நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை. அடுத்த கன்று. ஒவ்வொன்றாக அந்த வெயிலில் உட்கார்ந்து எழுந்து கீறிப் பார்த்தார். எஞ்சினியரும் காத்திருந்தார். பாதித் தூரத்தில் அவரே மறுமுனையிலிருந்து கீறிக்கொண்டு வந்தார். பத்தொன்பதில் பச்சை இருந்தது.

ராஜாமணியின் வாசற்படியில் உட்கார்ந்து மேடம் அந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதினார். எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "பட்டை வெந்ததற்குக் காரணம் நாற்றங்காலில் திசைக் குறி மாறியது. மலையில் நிழல் இறங்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முறையை வகுத்தது என் தவறு. தெருக்காரர்கள் காரணம் அல்ல. அடுத்த மழை முடியும் வரை அவகாசம் வேண்டும்."

"இந்த நர்சரியம்மா பேரையும் போடோணுமுங்களே" என்றார் எஞ்சினியர்.

"பிரிவுக்கு நான்தான் பொறுப்புங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எஞ்சினியர் படித்துப் பார்த்து மடித்துப் பையில் வைத்தார். "தெருக்காரங்க தப்பு இல்லைன்னா அந்த நிபந்தனை பொருந்தாது. மழை முடியட்டும்" என்றார். போகும்போது ராஜாமணியின் அடுப்பருகே நின்று, "தப்பா நெனச்சுட்டேனுங்க" என்றார். "இட்லி சாப்பிட்டுட்டுப் போங்க. கொதிதண்ணியிலதான் வெந்தது" என்றார் ராஜாமணி. எஞ்சினியர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் தெருவே சிரித்தது.

எத்தனை பிழைத்தன என்று கேட்பீர்கள். பத்தொன்பதில் இரண்டு ஆடிக் காற்றில் ஒடிந்தன. பதினேழு நின்றன. விழுந்த இடங்களுக்கு அடுத்த மழையில் வேறு கன்று வைத்தோம், பொட்டைக் கிழக்கில் வைத்து. அந்தத் தெருவில் இப்போது மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டில் போட்டு உட்கார்கிறார்கள். ராஜாமணியின் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருப்பார். மேடம் எண்ணிக்கை எழுத வந்த ஒரு கோடையில் செருப்பில்லாமல் நின்று, அறுபதைத் தாண்டியும் நகரவில்லை. பிறகு அவர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். நாற்றங்காலில் எந்தப் பக்கம் பொட்டு என்று இப்போது எழுதி ஒட்டியிருப்பது அவர் போவதற்கு முன் எழுதியது. "வெயில் பார்த்த பக்கம்" என்று மட்டும்தான் இருக்கும். திசை இருக்காது.

அந்த நாளின் சாயங்காலத்தையும் சொல்லி முடிக்கிறேன். மேடம் என்னோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். என் மனசைத் தேற்றுவார் என்றோ, ஒரு வார்த்தை கடிந்துகொள்வார் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. 

"உங்க ஊர்ல நாளை எப்படிப் பாக்கறீங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கலீங்க. மாசாமாசம் உங்களைக் கீழ வந்து வெயிலைப் பாக்கச் சொன்னேன். ஒரு மத்தியானம் நான் மேல வந்து நிழலைப் பாத்திருக்கணும்" என்றார்.

ஒரு மேலதிகாரி என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னல் பக்கம் வந்து கேட்டார்.

"பழைய சாக்கு எத்தனை இருக்கும் மேல?"

"முப்பது தேறுமுங்க."

"நாளைக்குக் கொண்டு வாங்க. சுண்ணாம்பும்."

மறுநாள் முதல் பஸ்ஸில் முப்பது சாக்கும் அரை மூட்டைச் சுண்ணாம்பும் கொண்டு இறங்கினேன். மேடமும் ராஜாமணியும் தெருவில் இருந்தார்கள். பத்தொன்பது கன்றுக்கும் மேற்குப் பக்கம் சுண்ணாம்பு அடித்துச் சாக்கைச் சுற்றிக் கட்டினோம். பதினோரு மணிக்கு, மேற்கு வெயில் திரும்புவதற்கு முன்னால், வேலை முடிந்தது.